டபிள் ஏற்றாதவர்

"…பசைதான் அண்ணை, வேறை ஒண்டுமில்லை. பசையிலை நிக்கிற சாமானிலை ரெண்டு பேர் ஏறக்கூடாது. குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லி முடிக்க முதலே அவர் பெடலை மிதித்துவிட்டார்.

நான் மருதனார்மடச் சந்தியில் வீங்கின முழங்காலோடு நிற்கிறேன். உச்சி வெயில். இணுவிலுக்குப் போகவேண்டும். அவரும் இணுவிலுக்குத்தான் போகிறார். சைக்கிளோ வெள்ளிக் கரண்டி மாதிரி மினுங்குகிறது. குறை நினைக்காதே என்று சொன்னால் மனிசன் நினைக்காமல் இருந்துவிடுவானா? நினைத்தேன். அன்றைக்குத் தொடங்கி ஆறு வருஷம் நினைத்தேன்.

எங்கள் பக்கத்துக்காரர் அல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போகிறவன் நடந்து போகிறவனைக் கண்டால் பிறேக் பிடிப்பான். தெரிந்தவனா தெரியாதவனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. "ஏறுங்கோவன்" என்பான். முன்னுக்குப் பாரிலோ பின்னுக்குக் கரியரிலோ ஏறிக்கொள்ள வேண்டியதுதான். டபிள் போறது என்று சொல்லுவோம். நடந்து போகிற ஒருவனை விலத்திக்கொண்டு தனியப் போகிறவனை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும். ஒன்று, வீட்டில் சாவு, அந்த அவசரம். மற்றது, தடிப்பு, தலைக்கனம்.

நான் சலூன் வைத்திருந்தவன். முடி வெட்டுகிறவனைத் தன் சைக்கிளில் ஏற்றினால் தீட்டு என்று நினைக்கிறவர்கள் அந்த நாளையிலும் இருந்தார்கள். வாயால் சொல்லமாட்டார்கள், வேறு காரணம் சொல்லுவார்கள். டயரில் காற்றுக் காணாது, செயின் கழருது, இடுப்பில் நாரிப் பிடிப்பு. ஆனால் பசை என்று ஒரு காரணத்தை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. இவர் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் நொண்டிக்கொண்டு வந்தேன். வாயில் அண்ணை என்று ஏற்றுவார், சைக்கிளில் ஏற்றமாட்டார்.

அவருடைய பேரை நான் எழுதப்போவதில்லை. எங்கேயாவது உயிரோடு இருந்தால் வாசித்துப்போட்டு, "ஏன் என்ரை பேரைப் போட்டனீங்கள், ஆரும் விசாரிச்சு வந்தால்?" என்று பயப்படுவார். பயம் அவருக்கு உத்தியோகம் மாதிரி. காலமை எழும்பி முகம் கழுவினவுடன் தொடங்கிவிடுவார். சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு; ஒரு கல்லூரியில் விஞ்ஞானகூட உதவியாளர். போத்தல் கழுவுவது, அமிலத்துக்கு லேபிள் ஒட்டுவது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். கழுத்து வரைக்கும் சேட்டுப் பொத்தான் பூட்டியிருப்பார். அடையாள அட்டையை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு வைத்திருப்பார்.

"ஏன் காணும் ரெண்டு பை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு பை கிழிஞ்சால்?"

"ரெண்டும் கிழிஞ்சால்?"

அவருடைய முகம் வாடிவிட்டது. அடுத்த கிழமை மூன்று பை இருந்தது. இப்படியான ஆளிடம் பகிடி விடுவதே பாவம்.

அந்தச் சைக்கிள் வந்த கதையை நான் கண்ணால் கண்டவன். எண்பத்தைந்தில் பிரான்சிலிருக்கிற தமையன் ஒரு பெட்டியில் அனுப்பினார். என் சலூனுக்குப் பக்கத்துக் கடை சைக்கிள் திருத்துகிற கடை. பெட்டியை அங்கேதான் கொண்டுவந்து உடைத்தார்கள். பிறேமை வெளியே எடுத்த கடைக்காரர் ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, உள்ளுக்கை ஒண்டுமில்லையோ?" என்றார். அலுமினியக் குழாய்கள். எங்களுடைய இரும்புச் சைக்கிள் ஒன்றைத் தூக்க மூச்சுப் பிடிக்கவேண்டும். இதைச் சின்னப் பிள்ளை தூக்கும். குழாயும் குழாயும் சந்திக்கிற மூட்டுகளில் ஒட்டுவேலை செய்த தழும்பே இல்லை. மோதிரம் போட்ட விரல் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

பெட்டிக்குள் ஒரு கடுதாசியும் இருந்தது, பிரெஞ்சில். வேறு ஆளென்றால் அதில் வடை சுற்றியிருப்பான். இவர் அதைக் கொண்டு குருநகருக்குப் போய், பிரெஞ்சு தெரிந்த ஒரு கத்தோலிக்கப் பாதரைப் பிடித்து வாசிப்பித்தார். பாதர் சொல்லியிருக்கிறார், இந்தக் குழாய்களை உருக்கி ஒட்டவில்லை, மூட்டுக்குள் செருகிப் பசையால் ஒட்டியிருக்கிறது, கடும் சூடு காட்டவேண்டாம் என்று எழுதியிருக்கு, என்று. இவர் குருநகருக்கு ஏறிப் போன சைக்கிளைத் திரும்பி வரும்போது உருட்டிக்கொண்டுதான் வந்தார். வந்து கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்ல, அந்த மனிசன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பசையாலை ஒட்டினதோ? இது சைக்கிளோ தபால் முத்திரையோ? மழையிலை விட்டுப் பாருங்கோ, உரிஞ்சு வந்திடும்!"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மழையை அவர் அதுவரைக்கும் நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளுக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது, கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றும் ஆகாது. யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றையும் விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அவருடைய மனுசி கிணற்றடியில் நின்று சொல்லுவா: "என்னை வெய்யிலுக்கை சந்தைக்கு அனுப்புவார், சைக்கிளுக்குக் குடை பிடிப்பார்." மெய்யாகவே ஒருநாள் குடை பிடித்தார். பாடசாலை மதிலோரம் நிழல் இல்லை என்று சைக்கிளுக்கு மேல் தன் குடையை விரித்துக் கட்டிவிட்டு, தான் வெயிலில் நின்று ஒரு ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

காலமை ஏறமுதல் ஒரு சடங்கு. ஐம்பது சத நாணயக் குத்தி ஒன்றால் ஒவ்வொரு மூட்டையும் தட்டுவார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். கணீர் என்றால் சுகம். மந்தமாகக் கேட்டால் உள்ளே பசை விட்டுப்போச்சாம். இதை எங்கே படித்தாரோ தெரியாது. ஊர்ப் பெடியள் அவருக்கு "டொக்டர்" என்று பட்டம் வைத்தார்கள். "டொக்டர், நோயாளிக்கு எப்பிடி?" என்று வேலிக்கு மேலால் கூப்பிடுவார்கள். அவர் உண்மையாகவே கேட்கிறார்கள் என்று நினைத்து, "இண்டைக்குப் பிழையில்லை" என்று மறுமொழி சொல்லுவார்.

என் கதிரையில் இருந்து அவர் சொன்ன கதைகள் எனக்கு நிறைய ஞாபகம். மனிசருடைய வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். வெட்டின முடியைக் கூட்டித் தள்ளிவிடுவேன், கதையை விடமாட்டேன். ஒருநாள் காதோரம் வெட்டிக்கொண்டு, "நரை விழுந்திட்டுது" என்றேன். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் வாசலில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"எங்களுக்கு வயசு போனால் நரைக்குது, அண்ணை. இரும்புக்கு வயசு போனால் கறள் பிடிக்குது. பசைக்கும் வயசு போகுதுதானே? அதுக்கு எங்கை நரைக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்குக் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றுவிட்டது. இன்னொரு நாள் சொன்னார்: "நான் விழுந்தால் நான். ஏறின ஆள் விழுந்தால்?" இதையும் கேட்டேன்தான். ஆனால் எனக்குள்ளே இருந்த குறை கேட்கவில்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்க, பெற்றோல் நின்றது. கார்கள் கோழிக்கூடாகின. ஒருசிலது மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியது. மற்றப்படி குடாநாடு முழுக்கச் சைக்கிள்தான். டபிள் போனவர்கள் ட்றிபிள் போனார்கள். தாய், தகப்பன், பாரில் ஒன்று, மடியில் ஒன்று, கரியரில் விறகு. பிரேதம் கூடச் சைக்கிளில் போனதை நான் கண்டிருக்கிறேன். மேலே குண்டு போடுகிற பொம்பர் வரும், எல்லாம் அப்படியே சரியும், போனபிறகு எழும்பித் தூசியைத் தட்டிவிட்டு மிதிக்கும்.

அந்தக் காலத்திலும் இவர் தனிய. இப்போது ஊர் பகிடியை விட்டுவிட்டு முகத்துக்கு நேரே கேட்கத் தொடங்கிவிட்டது. நெல்லு மூடையோடு வந்த ஒரு கிழவி, "உன்ரை சைக்கிளை நீயே கட்டிக்கொண்டு அழு" என்று சபித்ததை நான் சலூனுக்குள்ளே நின்று கேட்டேன். அவர் மூடையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, கிழவியின் வீடு வரைக்கும் நடந்தார். கிழவி வழிநெடுகப் பேசிக்கொண்டே போனா.

அவருக்கு வேலை கொடுத்த கல்லூரி அதிபரைக்கூட அவர் ஏற்றவில்லை. அதிபர் நடந்து வந்தால் இவர் இறங்கிவிடுவார். இருவரும் சைக்கிளை நடுவில் விட்டுக் கதைத்துக்கொண்டு நடந்து போவார்கள். இதைப் பார்த்தபோது எனக்குக் குறை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அதிபருக்கு இறங்கினவர், கிழவிக்கு இறங்கினவர், மருதனார்மடச் சந்தியில் நான் நொண்டிக்கொண்டு நின்றபோது ஏன் இறங்கவில்லை? அன்றைக்குத் தூரத்தில் ஹெலிகொப்டர்ச் சத்தம் ஏதும் கேட்டு ஓடினாரோ என்னவோ. நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

தமையனுக்குக் கடிதம் போட்டு, பசை எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டிருக்கிறார். கொழும்பு சுற்றி ஆறு மாதத்தில் மறுமொழி வந்தது. அதைச் சலூனில் எனக்கு வாசித்துக் காட்டினார். "இங்கை பத்து வருஷமாய் ஓடுறாங்கள், ஒருத்தனும் விழேல்லை, நீ சும்மா பயப்பிடாதை" என்று எழுதியிருந்தது.

"பிறகென்ன?" என்றேன்.

"அங்கை பனி, அண்ணை. இங்கை வெய்யில். அங்கை றோட்டு, இங்கை குண்டும் குழியும். அங்கை ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமையிலை ஓடுறான். அவனுக்கு நிக்கிற பசை எனக்கு நிக்குமெண்டு எழுதியில்லையே."

பயந்த மனிசனுக்கு ஆறுதல் சொன்னால் அதையும் பிரித்துப் பார்த்து உள்ளே பயத்தைக் கண்டுபிடிப்பான். அந்த மாதிரிச் சைக்கிள்கள் இன்றைக்கும் அங்கே ஓடுகின்றன என்று வெளிநாட்டில் இருக்கிற என் மகன் சொல்கிறான். கிழட்டு வெள்ளைக்காரர் நாற்பது வருஷமாக வைத்து ஓடுகிறார்களாம். சிலதில் பசை விட்டிருக்கிறதாம், அநேகமானதில் விடவில்லையாம். அப்படியென்றால் அன்றைக்கு நானும் கிழவியும் அதிபரும் ஏறியிருந்தாலும் தாங்கியிருக்கும் போல. தாங்கியிருக்காமலும் போயிருக்கலாம். எது தாங்கும் எது தாங்காது என்று ஒருத்தருக்கும் தெரியாத காலம் அது. வீட்டுக் கூரை தாங்குமா, குண்டுக்கு ஒளிக்க வெட்டின பங்கர் தாங்குமா, நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் இந்த ஒழுங்கை, இந்தச் சின்னத் தெரு, இருக்குமா? நாங்கள் தெரிந்த மாதிரி நடித்தோம். அவர் நடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் முகம் பாதி வழித்திருக்கும்போது பொம்பர் சத்தம். கதிரையால் பாய்ந்து பின்வளவுப் பங்கருக்குள் இறங்கிவிட்டார், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு. குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. வானம் வெறுமையான பிறகும் வரமாட்டேன் என்கிறார்.

"வாங்கோ, மற்றப் பக்கத்தையும் வழிப்பம்."

"உங்கடை கை நடுங்குது, அண்ணை."

பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத் தெரியாது. எனக்கும் பயம் இருக்கிறது என்பதை இன்னொருத்தன் பங்கருக்குள்ளிருந்து சொல்லித்தான் நான் அறிந்தேன். கோபம் வந்தது. அவரை அந்தப் பாதி முகத்தோடேயே வீட்டுக்கு அனுப்பினேன்.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றிரண்டு. காலமை எங்கள் பக்கத்தில் இரண்டு குண்டு விழுந்தது. ஒழுங்கைச் சனம் முழுக்கக் கோயிலுக்குப் போய்விட்டது. நானும் மனுசியும் பிந்திவிட்டோம். என் சைக்கிளின் பின்சில்லு மூன்று மாதமாகக் கழற்றித்தான் கிடந்தது. டயர் வெடித்து, மாற்று டயர் குடாநாட்டில் இல்லை. நடந்தாவது போவோம் என்று வாசல் படலைக்கு வர, திரும்பப் பொம்பர் வந்தது. வளவுப் பங்கருக்குள் இறங்கினோம். இரண்டு கிழமையாக அதற்குள் இறங்காமல் விட்டது பிழை. பங்கருக்குள் எங்களுக்கு முதலே ஒருவர் குடியிருந்தார். மனுசி "ஐயோ" என்றாள். நான் குண்டுக்குக் கத்துகிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கணுக்காலில் இரண்டு பொட்டு. புடையன் பாம்பு, மூலைக்குள் சுருண்டு சீறிக்கொண்டிருக்கிறது.

தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவந்தேன். யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்கு மூன்று மைல். கூப்பிட்ட குரலுக்கு ஒரு நாயும் இல்லை. எல்லா வீட்டுப் படலையும் ஆவென்று திறந்து கிடக்கிறது. மனுசியின் கால் என் கண் முன்னால் வீங்குகிறது. அப்போது ஒழுங்கை வளைகிற முடக்கால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார், அவர். அந்த ஒழுங்கையில் அந்த நேரம் இருந்த ஒரே சைக்கிள். வந்த ஒரே மனிசன்.

"புடையன் கடிச்சிட்டுது! ஏத்துங்கோ!" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் இரத்தம் இல்லை. "நடக்க விடாதேங்கோ. காலை ஆட்டாதேங்கோ, கீழை தொங்கவிடுங்கோ" என்றார். பிறகு, "நான் ஓடிப்போய்க் கோயிலடியிலை ஆரையும் சைக்கிளோடை கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

"அதுக்குள்ளை என்ரை மனுசி செத்துப்போவாள்!"

"அண்ணை, இது தாங்காது…"

எனக்கு ஆறு வருஷம் பல்லுக்குள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "தாங்காதது சைக்கிளோ நீயோ? சலூன்காரன்ரை மனுசியைத் தொட்டால் உன்ரை உடம்பு அழுகிப் போகுமோ? சொல்லு, சாகமுதல் அவளும் கேக்கட்டும்!"

அவர் சைக்கிளை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். கைபிடிக்குக் கீழே, முன் கழுத்தும் கீழ்க்குழாயும் சேருகிற மூட்டைச் சுட்டு விரலால் காட்டினார். மூட்டின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் பூசின மாதிரி வெள்ளையாகத் தூள். பெருவிரலை வைத்து அழுத்தினார். குழாய் ஒரு நூலளவு உள்ளே போய் வெளியே வந்தது.

"நரைச்சிட்டுது, அண்ணை" என்றார். குரல் சிறுபிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. "மூண்டு கிழமையாச்சு. நானே ஏறுறதில்லை. உருட்டிக்கொண்டு திரியிறன். சனம் சிரிக்குமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

நான் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப வாய்க்குள் போட வழியில்லை. மனுசி என் தோளில், "தண்ணி, தண்ணி" என்கிறாள். பல் முரசோரம் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது.

அவர்தான் அசைந்தார். எங்கள் வேலியில் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கயிற்றை இழுத்து அறுத்தார். அந்த மூட்டைச் சுற்றி, எதிர்ப் பக்கமும் நேர்ப் பக்கமுமாக, பல்லால் இழுத்து இழுத்து இறுக்கினார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது, திரும்பக் கட்டினார். "மிதிக்கேலாது. சீற்றிலை இருத்துங்கோ. நீங்கள் பின்னாலை அவவைப் பிடியுங்கோ, நான் கழுத்தைப் பிடிக்கிறன். ஓட்டமாய்த் தள்ளுவம்" என்றார். அவரே மனுசியின் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

அப்படித்தான் போனோம். அவர் கூனிக்கொண்டு, இடது கையால் கைபிடியையும் வலது கையால் அந்தக் கயிறு சுற்றின மூட்டையும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். நான் பின்னால் மனுசியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு குழிக்கும் அந்த மூட்டு "கிறீச்" என்றது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் அவர் "முருகா" என்றார். கொக்குவில் வருமுன்னமே கயிறு அவருடைய உள்ளங்கையை அறுத்துவிட்டது. வெள்ளிக் குழாயில் சிவப்பாக ஒழுகினது மனுசியின் இரத்தமா அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

பயப்படாதேங்கோ, அவள் பிழைத்தாள். ஆசுப்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். இதை நான் எழுதும்போது அவள் அடுப்படிக் குசினிக்குள் நின்று, "என்னத்தை எழுதுறியள், எல்லாத்தையும் எழுதாதேங்கோ" என்கிறாள். அவள் எழுதவேண்டாம் என்று சொல்வது எதை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

கொக்குவில் தாண்டி, இரண்டு பக்கமும் வெறும் தோட்டக்காணி. அங்கேதான் ஹெலி வந்தது. பனைக்கு மேலால், தாழ்வாக. றோட்டில் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த நாலைந்து பேரும் மூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். யோசிக்கவில்லை; யோசித்திருந்தால் இப்படி எழுத வந்திராது. மனுசியின் இடுப்பிலிருந்த என் கை எப்போது எடுபட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெருவோரத்தில் தண்ணி ஓடுகிற கானுக்குள் முகம் குப்புறக் கிடந்தேன். மேலே வெடிச்சத்தம் படபடவென்று வாழைத்தோட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அவ்வளவு நீளமான வெறும் றோட்டில், அவ்வளவு வெயிலில், அந்தச் சைக்கிள் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மினுங்குகிறது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் தெரிந்திருக்காது. மனுசி சீற்றில் சரிந்து, தலை அவருடைய தோளில் கிடக்கிறது. அவர் இடுப்பைச் சைக்கிளுக்கு முண்டுகொடுத்து, ஒரு கையால் அவளுடைய முதுகையும் மற்றக் கையால் அந்த மூட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விட்டால் பிறேம் விரியும், அவள் விழுவாள். கட்டியிருந்த சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார்.

ஹெலி வளைந்து திரும்புகிற சத்தம் கேட்டது.

"அண்ணை!" என்று கத்தினார், நான் எந்தப் பக்கம் கிடக்கிறேன் என்றே தெரியாமல். "எங்கை நிக்கிறியள்? வாங்கோ, எனக்குப் பயமாய்க் கிடக்குது!"

நான் கானுக்குள்ளிருந்து முழங்காலில் எழும்பமுதல், அவர் கண்ணைத் திறக்காமலே சைக்கிளைத் தள்ளத் தொடங்கிவிட்டார்.